காரணத்தை எழுதிக் கொடுங்கள்

தேர்வு அறையில் ஒரு மாணவனிடம் பிட் பிடிபட்டால் நம் கல்லூரிகளில் முதலில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். விடைத்தாளை வாங்கிக்கொள்வார்கள். தலைமைக் கண்காணிப்பாளர் அறைக்கு அழைத்துப்போய் ஒரு வெள்ளைத் தாளை நீட்டுவார்கள். ‘தெரியாமல் செய்துவிட்டேன், இனிமேல் செய்ய மாட்டேன், மன்னித்துவிடுங்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தால் இத்தோடு விட்டுவிடுவார்கள் என்ற நினைப்பில் அவனும் கை நடுங்க எழுதுவான். சில வாரங்கள் கழித்து விசாரணைக் குழுவின் முன் போய் நிற்கும்போது, அந்தக் கடிதமே அவனுக்கு எதிரான முதல் ஆவணமாக மேசைமேல் இருக்கும்.

காப்பியடித்தவருக்குப் பரிந்து பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரவெல்லாம் கண்விழித்துப் படித்து ஐம்பத்தைந்து வாங்கியவரை, பிட் வைத்து எழுபது வாங்கியவருக்குக் கீழே நிறுத்துவது அநியாயம். அதைத் தண்டிக்காத பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு மதிப்பு கிடையாது. ஆனால் சட்டைப் பையில் நாலு பக்கம் நுணுக்கி எழுதி வைத்திருந்தவரும், ஹால் டிக்கெட்டின் பின்புறம் பென்சிலில் ஒரு சூத்திரத்தைக் கிறுக்கியிருந்தவரும், தன் மேசைக்கடியில் யாரோ போட்டுவிட்டுப் போன தாளுக்காக மாட்டிக்கொண்டவரும் எழுதித் தருவது ஒரே கடிதம்தான். மூவரையும் பிரித்துப் பார்க்கும் வேலையைச் செய்யாமலே தண்டனைக்குப் போய்விட அந்தக் கடிதம் வழிசெய்து கொடுக்கிறது.

மாணவரைப் பாதிக்கும் எந்த முடிவும், அது முறைகேட்டுக்கான தண்டனையாக இருக்கட்டும், ஒரு புகாரின் மீதான பதிலாக இருக்கட்டும், மேல்முறையீட்டின் தள்ளுபடியாக இருக்கட்டும், அவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்ட காரணத்தோடு அவர் கைக்கு வர வேண்டும். முதலில் முடிவெடுத்தவரைத் தவிர வேறொருவர் அந்தக் காரணத்தைத் திரும்பப் பார்க்க வழியிருக்க வேண்டும். இதைப் பதிவாளரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் மட்டும் செய்துவிட முடியாது. ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிர்வாகம், அரசு என்று எல்லோர் கையிலும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை நாம் ஒவ்வொருவரும் அடுத்தவர் தலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

இது புதிதாக முளைத்த கோரிக்கை இல்லை. உத்தரப் பிரதேசத்தில் 1954ஆம் ஆண்டு இன்டர்மீடியட் தேர்வில் தேறியதாக அறிவிக்கப்பட்ட மூன்று மாணவர்களின் முடிவு, முறைகேடு செய்தார்கள் என்று சொல்லிப் பின்னர் ரத்து செய்யப்பட்டது. அடுத்த ஆண்டுத் தேர்வு எழுதவும் தடை விதிக்கப்பட்டது. தேர்வுக் குழு அவர்களை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்கள் விதியில் எங்கும் எழுதவில்லை என்பது தேர்வு வாரியத்தின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது அதைத்தான். 1962இல் வந்த தீர்ப்பு தெளிவானது: விதி மௌனமாக இருந்தாலும், ஒருவருடைய வாழ்க்கையைப் புரட்டிப்போடும் முடிவை எடுக்கும் குழு நீதிமன்றத்தைப் போன்ற பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும், குற்றச்சாட்டு என்னவென்று சொல்லி, பதில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றும் பல கல்லூரிகளில் ‘என்கொயரி’ என்பது ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் ஒரு பையனை அழைத்து, கடிதத்தைக் காட்டி, ‘இது உன் கையெழுத்துதானே?’ என்று கேட்டு அனுப்புவதாகவே முடிகிறது.

விசாரணை முறையாக நடக்க வேண்டும் என்று சொன்னதும், கல்லூரியை நீதிமன்றமாக்கச் சொல்கிறீர்களா, வகுப்பெடுப்பதா வழக்கு நடத்துவதா என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் உச்ச நீதிமன்றமே 1973இல் பதில் சொல்லியிருக்கிறது. 1972 ஜூனில் ராஞ்சியின் ராஜேந்திரா மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் சிலர் நள்ளிரவில் பெண்கள் விடுதி வளாகத்துக்குள் புகுந்து அத்துமீறினார்கள். 36 மாணவிகள் முதல்வரிடம் புகார் கொடுத்தார்கள். மூன்று ஆசிரியர்கள் கொண்ட குழு மாணவிகளைத் தனியே விசாரித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் படங்களை மற்ற மாணவர்களின் படங்களோடு கலந்து வைத்து அடையாளம் காட்டச் சொன்னது. பிறகு அந்த மாணவர்களைத் தனியாக அழைத்து, குற்றச்சாட்டைச் சொல்லி, அவர்கள் தரப்பைக் கேட்டது. இரண்டு கல்வியாண்டுகளுக்கு அவர்கள் நீக்கப்பட்டார்கள். எங்கள் முன்னிலையில் சாட்சிகளை விசாரிக்கவில்லை, குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பில்லை என்று அவர்கள் போட்ட வழக்கு தோற்றது. புகார் கொடுத்த பெண்களை அதே மாணவர்கள் முன் நிறுத்தி விசாரிப்பது அவர்களை ஆபத்தில் தள்ளும். இயற்கை நீதி எல்லாச் சூழலிலும் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் கல்லூரி எவ்வளவு செய்ய வேண்டும் என்பது விளங்கிவிடும். வக்கீல் வேண்டாம், கூண்டு வேண்டாம். குற்றச்சாட்டு எழுத்தில் வேண்டும், ஆதாரம் எதுவென்று சொல்ல வேண்டும், பதிலைக் கேட்க வேண்டும், கேட்டதை எடைபோட்டதற்கு அடையாளமாக முடிவில் நாலு வரிக் காரணம் வேண்டும். ராஞ்சிக் கல்லூரியின் குழு அப்படிச் செய்ததால்தான் அதன் முடிவு கடைசி வரை நிலைத்தது. முறையாக விசாரிக்காமல் போட்ட தண்டனை நீதிமன்றத்தில் உடைந்துவிடுகிறது. உண்மையிலேயே தவறு செய்தவரும் அதில் தப்பிவிடுகிறார். கறாரான ஒழுங்கை விரும்பும் ஆசிரியர்கள்தான் முறையான விசாரணையை முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

மன்னிப்புக் கடிதத்துக்குப் பதிலாக வேறொரு படிவம் வைத்துக்கொள்வது கடினமான காரியம் இல்லை. மேல்பாதியில் அறைக் கண்காணிப்பாளர் தான் கண்டதை எழுதுவார்: எத்தனை மணிக்கு, எந்த இருக்கையில், என்ன பொருள், அதில் இருந்தது அன்றைய வினாத்தாளோடு தொடர்புடையதா, அதிலிருந்து விடைத்தாளில் ஏதாவது ஏறியிருக்கிறதா. கீழ்ப்பாதியில் மாணவர் தன் தரப்பை, தமிழிலோ ஆங்கிலத்திலோ, தன் சொற்களில் எழுதுவார். விரும்பாவிட்டால் வெற்றிடமாக விடுவார். இருவரும் கையெழுத்திட்ட தாளின் நகல் ஒன்று மாணவருக்கு. பறக்கும் படை வந்துபோகும் பரபரப்பிலும் இதற்குப் பத்து நிமிடம் போதும்.

இதுவரை பேசியது பல்கலைக்கழகம் மாணவர்மேல் சொல்லும் குற்றச்சாட்டு. மாணவர் பல்கலைக்கழகத்தின்மேல் சொல்லும் புகார் இதைவிடச் சிக்கலானது. காரணம், அது பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை.

ஏன் எழுதவில்லை என்று எந்த மாணவரைக் கேட்டாலும் இரண்டு சொல்லில் பதில் வரும்: இன்டர்னல் மார்க். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் எழுத்துத் தாள்களுக்கு 20 ஆக இருந்த அகமதிப்பீடு 2021 விதிமுறையில் 40 ஆயிற்று. மூன்று மணி நேரத் தேர்வில் மாணவரின் தலைவிதியை நிர்ணயிப்பதைவிடப் பருவம் முழுவதும் தொடர்ந்து மதிப்பிடுவது நல்ல கல்விமுறை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு பங்கைக் கூட்டும்போது மறுபக்கம் என்ன கூடுகிறது என்பதையும் பார்த்திருக்க வேண்டும். நூற்றுக்கு நாற்பது யார் கையில் இருக்கிறதோ அவரைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? துறைத் தலைவரிடம் போனால், மாலைக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிந்துவிடும். ஆய்வு மாணவர்களின் நிலை இன்னும் மோசம். நெறியாளர் கையெழுத்து இல்லாமல் உதவித்தொகைப் படிவம் நகராது, முன்னேற்ற அறிக்கை நகராது, ஆய்வேடு நகராது. நாலைந்து ஆண்டு வாழ்க்கை ஒரே ஒருவருடைய பேனாவில் தொங்குகிறது. அங்கே மௌனம் நிலவுகிறதென்றால் எல்லாம் நலம் என்று பொருள் கொள்ளக் கூடாது.

மௌனம் உடையும்போது அது படிவமாக வராது, போராட்டமாகத்தான் வரும். 2023 மார்ச் இறுதியில் சென்னை கலாக்ஷேத்ராவின் மாணவிகள் பாலியல் தொல்லைப் புகார்களோடு வளாகத்திலேயே உட்கார்ந்தார்கள். உள்ளே சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதே அவர்களின் முதன்மையான குற்றச்சாட்டு. பிறகு காவல்துறை வந்தது, ஆசிரியர் ஒருவர் கைதானார், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு வந்தது. நாடே பார்க்கப் போராடியபோது கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்காவது உள்ளே பேசியபோதே கிடைத்திருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரைக் காப்பதாக நினைத்துப் புகாரை அமுக்குகிறவர்கள் கடைசியில் அந்தப் பெயரையே பணயம் வைக்கிறார்கள்.

விதி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்புக்கான புதிய ஒழுங்குமுறையை வெளியிட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். தலைவரையும் சேர்த்து அதில் ஒரு பெண்ணாவது, பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவராவது இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாளுக்குள் குழு தன் பரிந்துரையை உரிய அதிகாரிக்கு அனுப்பி, நகலை மாணவருக்கும் தர வேண்டும். முடிவு திருப்தியளிக்காவிட்டால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். குறைதீர்ப்பாளர் ஓய்வுபெற்ற துணைவேந்தராகவோ, நீண்ட அனுபவமுள்ள ஓய்வுபெற்ற பேராசிரியராகவோ, முன்னாள் மாவட்ட நீதிபதியாகவோ இருப்பார். 30 நாளுக்குள் தீர்க்க முயல வேண்டும். கட்டணத்துக்காகச் சான்றிதழைப் பிடித்து வைத்தல், தேர்வு முடிவைத் தாமதித்தல், உதவித்தொகை தராமல் இழுத்தடித்தல், பாகுபாடு, வெளிப்படையற்ற மதிப்பீடு எல்லாமே இதன்கீழ் வரும். குழுவில் யார் யார், குறைதீர்ப்பாளர் யார் என்பதை இணையதளத்திலும் சேர்க்கைக் கையேட்டிலும் போட வேண்டும்.

நல்ல விதி. நடைமுறையைப் பாருங்கள். 2024 ஜூனில், விதி வந்து ஓராண்டுக்கும் மேலான பிறகு, குறைதீர்ப்பாளரை நியமிக்காத பல்கலைக்கழகங்கள் என்று மானியக் குழு வெளியிட்ட பட்டியலில் 157 பெயர்கள் இருந்தன. அவற்றில் 108 அரசுப் பல்கலைக்கழகங்கள். நியமித்த இடங்களிலும், இணைப்புக் கல்லூரிகளின் மாணவர்கள் அனைவருக்கும் அவரே பொறுப்பு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இத்தனை கல்லூரிகளிலும் ஒரு மாணவரை நிறுத்தி, உங்கள் குறைதீர்ப்பாளர் யார் என்று கேட்டுப்பாருங்கள்.

விதியிலும் எனக்கு ஒரு குறை உண்டு. குழுவில் மாணவர் பிரதிநிதி ஒருவர் இருக்கிறார், ஆனால் சிறப்பு அழைப்பாளராக மட்டும். கூட்டத்துக்கான குறைந்தபட்ச எண்ணிக்கையில்கூட அவர் கணக்கில் வரமாட்டார். படிப்பிலோ விளையாட்டிலோ சிறந்தவர் என்று நிறுவனமே தேர்ந்து நியமிப்பவர் அவர். நிறுவனத்தின் நல்ல பிள்ளையிடம் நிறுவனத்தைப் பற்றிய புகாரை யார் கொண்டுபோவார்கள்? லிங்டோ குழு 2006லேயே மாணவர் பேரவைத் தேர்தலுக்கு நெறிமுறை வகுத்துக் கொடுத்தது. வாக்களிக்கும் வயது வந்தவர்களைச் சட்டமன்றத்துக்கு வாக்களிக்க விடுகிறோம், வகுப்புப் பிரதிநிதியை மட்டும் வாத்தியார் கைகாட்டுகிறார்.

மேலே உட்கார்ந்து முடிவெடுக்க ஆள் இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் 2022 அக்டோபரில் முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில். ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் இரண்டும் நெடுநாள் துணைவேந்தர் இல்லாமல் ஒருங்கிணைப்புக் குழுக்களின் கீழ் ஓடின. இதைப் பெரும்பாலும் அதிகாரப் போட்டியாகவே பத்திரிகைகள் எழுதின. பரிந்துரை வந்து சேர்ந்த பிறகு கையெழுத்திட ஒருவர் இல்லாமல் காத்திருந்த மாணவரின் கோணத்திலிருந்து எழுதியவர் குறைவு. இரு தரப்பும் தங்கள் வாதங்களை நீதிமன்றத்தில் வைத்துக்கொள்ளட்டும். அதுவரை மாணவர் தொடர்பான முடிவுகள் மட்டும் தேங்காமல் போக ஒரு ஏற்பாட்டுக்கு இருவரும் சம்மதித்திருக்க முடியும்.

நம்மிடம் ஓரளவு நன்றாக நடக்கும் மேல்முறையீடு ஒன்று உண்டென்றால் அது மறுமதிப்பீடு. திருத்திய விடைத்தாள் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவருக்குக் கிடைக்க வேண்டிய தகவல் என்று ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. திருத்தியவரின் பெயரை வெளியிட வேண்டியதில்லை, தாளைக் காட்ட வேண்டும் என்றது. விடைத்தாள் நகல் கையில் வந்ததும் பேச்சின் தன்மையே மாறிவிடுகிறது. ‘எனக்கு மார்க் குறைச்சுட்டாங்க’ என்று புலம்பியவர், ‘பதினொன்றாம் கேள்வியின் இரண்டாம் பகுதி திருத்தப்படவில்லை’ என்று சொல்கிறார். பல சமயம், ‘சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்’ என்று அவரே அமைதியாகி விடுகிறார். ஆவணத்தைத் திறந்து காட்டியதால் வழக்குகள் பெருகிவிடும் என்று அஞ்சியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே மறுமதிப்பீட்டில்தான் நம் நம்பிக்கைக்குப் பெரிய அடியும் விழுந்தது. 2017 ஏப்ரல்-மே தேர்வுகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் கூட்டியதாக 2018 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. அந்தப் பருவத்தில் மறுமதிப்பீடு கேட்டவர்கள் மூன்று லட்சம் பேர். எவரும் எந்தப் பணமும் தராமல், உண்மையிலேயே தவறாகத் திருத்தப்பட்டதால் மதிப்பெண் கூடிய பிள்ளைகள் அதில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களுடைய மதிப்பெண் பட்டியலையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்தது. மேல்முறையீட்டுக்கும் காவல் வேண்டும். இரண்டாவதாகத் திருத்துபவர் யாரென்று எவருக்கும் தெரியக் கூடாது; மதிப்பெண் பெரிய அளவில் மாறினால் மூன்றாமவர் பார்க்க வேண்டும்; ஏன் மாறியது என்று ஒரு வரி எழுத வேண்டும். காரணம் எழுதப்படாத இடத்தில்தான் கை மாறுகிறது.

ஆய்வேடுகளுக்கு வருவோம். 2018இல் மானியக் குழு கருத்துத் திருட்டைத் தடுக்க ஒழுங்குமுறை கொண்டுவந்தது. ஒற்றுமை பத்து விழுக்காடு வரை இருந்தால் நடவடிக்கை இல்லை. நாற்பது வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். அறுபது வரை ஓராண்டு சமர்ப்பிக்கத் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. ஆசிரியர்களுக்கும் ஊதிய உயர்வு நிறுத்தம் முதலான தண்டனைகள் உண்டு. துறை அளவிலும் நிறுவன அளவிலும் குழுக்கள் கூடி, மாணவரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. நடப்பதென்னவோ, மென்பொருள் தரும் எண் மட்டும் பார்க்கப்படுகிறது. மேற்கோள் குறியிட்டு, மூலம் சொல்லி எழுதிய பகுதியையும், எல்லோரும் ஒரே மாதிரி எழுதியாக வேண்டிய சட்டப் பிரிவையும் சமன்பாட்டையும் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. நீக்கிப் பார்ப்பது மனிதர் செய்ய வேண்டிய வேலை. அதற்கு ஆய்வேட்டைப் படிக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த ஆபத்து கூடியிருக்கிறது. மாணவர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டை இயந்திரம் எழுதியதாக அவை தவறாகக் காட்டின. அளவான சொற்களில், எளிய வாக்கியங்களில் எழுதுவதுதான் காரணம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதே ஆண்டு ஆகஸ்டில் டர்னிட்டின் மென்பொருளின் கண்டறியும் கருவியை நிறுத்திவைத்தது. இரண்டாம் மொழியில் தட்டுத்தடுமாறி எழுதும் நம் பிள்ளைகளுக்கு இது நேரடியான எச்சரிக்கை. தமிழ்வழியில் படித்து வந்து ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் ஒரு பெண்ணிடம், மென்பொருள் எண்பது காட்டுகிறது என்று சொல்லிக் கையை விரிப்பது கொடுமை. சந்தேகம் வந்தால் எதிரே உட்காரவைத்துப் பத்துக் கேள்வி கேளுங்கள். வாய்மொழித் தேர்வு நமக்குப் பழகிய முறைதானே. எழுதியவருக்கு ஏன் அப்படி எழுதினோம் என்று தெரியும். எழுதாதவர் இரண்டாவது கேள்வியிலேயே திணறுவார்.

இந்த இடத்தில் மாணவர்களிடமும் பெற்றோரிடமும் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ‘பிராஜெக்ட் செய்து தரப்படும்’ என்ற பலகை நம் நகரங்களில் ஒளித்தா வைக்கப்பட்டிருக்கிறது? இறுதியாண்டுத் திட்டத்தை விலைக்கு வாங்குகிறார் மாணவர். பணம் தருகிறார் தந்தை. ஏற்கெனவே பார்த்த அதே வரைபடத்தை மறுபடி பார்த்தும் கையெழுத்திடுகிறார் வழிகாட்டி. தேர்ச்சி விழுக்காடு குறையக் கூடாது என்று கண்ணை மூடிக்கொள்கிறது நிர்வாகம். நால்வரும் சேர்ந்து கட்டிய பொய் இது. இதில் ஒருவரை மட்டும் பிடித்துத் தண்டிப்பது எளிது, அதனால் எதுவும் மாறாது. பொய்ப் புகாரும் அப்படித்தான். வருகைப் பதிவு குறைந்ததற்காகத் தேர்வெழுத விடாத ஆசிரியர்மேல் ஆத்திரத்தில் இட்டுக்கட்டும் ஒரு குற்றச்சாட்டு, அடுத்து உண்மையோடு வரும் பத்துப் பேரின் வாயை அடைக்கிறது. பொய்ப் புகார் கொடுத்தவர்மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம் என்று மானியக் குழுவின் குறைதீர்ப்பு விதி சொல்வது சரியே. நிரூபிக்க முடியாத புகார் வேறு, பொய்ப் புகார் வேறு என்ற கவனத்தோடு அதைக் கையாள வேண்டும், அவ்வளவே.

பெற்றோரை நினைக்கும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழ்நாட்டில் 47. நாட்டின் சராசரி 28.4. இது நாம் பெருமைப்பட வேண்டிய சாதனை. அதன் பொருள், நம் வகுப்பறைகளில் இருப்பவர்களில் பெருந்தொகையினர் அவரவர் வீட்டின் முதல் பட்டதாரிகள். ‘அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்று சொன்னால் அந்த அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்து பிடித்து வந்து, எச்.ஓ.டி. அறை வாசலில் கைகட்டி நிற்கிறார். மகன் என்ன தப்பு செய்தான் என்றுகூடக் கேட்காமல், ‘இந்த ஒரு தடவை மன்னிச்சுடுங்க சார்’ என்கிறார். மகன் தப்பே செய்யாமலும் இருக்கலாம். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒழுங்குமுறை நூல் அவருக்கு எதற்கும் உதவாது. குற்றச்சாட்டு அறிவிப்பும், புகார்ப் படிவமும், மேல்முறையீட்டு வழியும் தமிழில் இருக்க வேண்டும். கேட்டால் விளக்கிச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். நடுநிலையான மூத்த ஆசிரியர் ஒருவர், அல்லது மேல்வகுப்பு மாணவர் ஒருவர், விசாரணைக்கு உடன்வர அனுமதிக்கலாம். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும், பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு தெம்பு என்று ஆசிரியர்களுக்குத் தெரியாததில்லை. உயர்கல்வி மாணவர்களின் மனநலத்தையும் தற்கொலைகளையும் ஆராய உச்ச நீதிமன்றமே 2025 மார்ச்சில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். விசாரணை மாதக்கணக்கில் இழுபடும்போது, ஒருவன் அறையில் தனியே என்ன நினைத்துக்கொண்டிருப்பான் என்பதையும் விசாரிப்பவர் மனதில் வைக்க வேண்டும்.

ஆசிரியர்களின் பயமும் உண்மையானது. கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவரைப் பழிவாங்க ஒரு மொட்டைக் கடிதம் போதும் என்ற நிலை அவர்களுக்கும் இருக்கிறது. குற்றச்சாட்டு எழுத்தில் வேண்டும், பதில் சொல்ல வாய்ப்பு வேண்டும், காரணத்தோடு முடிவு வேண்டும் என்பது அவர்களுக்கும் அப்படியே பொருந்தும் பாதுகாப்பு. அதனால்தான் ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் இதில் ஒரே மேசையில் உட்கார முடியும் என்று நம்புகிறேன். அகமதிப்பெண்ணை எதன் அடிப்படையில் போடுவோம் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, முடிவில் அதன்படி போட்டுக் காட்டும் ஆசிரியருக்கு எந்தப் புகாரும் பயமில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின்கீழ் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே ஒரு சுதந்திரமான தீர்ப்பாளர் அலுவலகம் இயங்குகிறது. மாணவர் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அங்கே எனக்குப் பிடித்த நடைமுறை ஒன்று உண்டு. உள்விசாரணையும் மேல்முறையீடும் முடிந்ததும், ‘எங்கள் பக்கத்தில் எல்லாம் முடிந்தது, எங்கள் முடிவு இது, காரணம் இது, ஏற்க முடியாவிட்டால் இத்தனை நாளுக்குள் இந்த அலுவலகத்துக்குப் போகலாம்’ என்று பல்கலைக்கழகமே மாணவருக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். தன்மேல் புகார் சொல்லும் வழியைத் தானே காட்டிக்கொடுக்கும் கடிதம். அந்த அலுவலகம் பெயர் நீக்கிய வழக்குச் சுருக்கங்களையும் வெளியிடுகிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த தவறை மற்றவை படித்துத் திருத்திக்கொள்ள முடிகிறது. நம் குறைதீர்ப்பாளர்களின் முடிவுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன?

இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. எத்தனை புகார் வந்தது, எத்தனை நாளில் முடிந்தது, எத்தனை முறைகேட்டு வழக்கு, எத்தனையில் தண்டனை, எத்தனை மேல்முறையீட்டில் முடிவு மாறியது என்று பெயரில்லாமல் ஆண்டுக்கு ஒரு முறை நாலு பக்க அறிக்கை வெளியிட ஒரு தீர்மானம் போதும். அறிக்கையில் பூஜ்யம் புகார் என்று எழுதும் கல்லூரியைப் பாராட்டாமல், ஏன் பூஜ்யம் என்று கேட்கும் வழக்கமும் கூடவே வர வேண்டும். பல்கலைக்கழகங்களின் சிண்டிகேட்டுகளில் உயர்கல்வித் துறையின் பிரதிநிதிகள் இருக்கிறார்கள், கல்லூரி முதல்வர்களும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கச் சொல்லி அவர்களில் எவர் வேண்டுமானாலும் இன்றே பதிவாளருக்குக் கடிதம் எழுதலாம்.